தீவு நாட்டின் கடைசித் தீர்ப்பை யார் எழுதுவது?

2018 நவம்பர் 6 அன்று கரீபியக் கடலின் இரண்டு சிறு தீவு நாடுகள், அன்டிகுவா-பார்புடாவும் கிரெனடாவும், ஒரே கேள்விக்கு வாக்களித்தன. நாட்டின் வழக்குகளுக்கு இறுதித் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சிலிடமே தொடர்வதா, டிரினிடாட்டின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் இயங்கும் கரீபிய நீதிமன்றத்துக்கு மாறுவதா என்பதே அந்தக் கேள்வி. மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்று இரு நாடுகளின் அரசியலமைப்பும் கோரின. பாதி வாக்குகள்கூட இரண்டிலும் விழவில்லை. கிரெனடா 1974இலும் அன்டிகுவா 1981இலும் விடுதலை பெற்றவை. கொடியும் நாட்டுப்பண்ணும் நாடாளுமன்றமும் தமக்கெனப் பெற்றுவிட்ட மக்கள், பக்கத்துத் தீவிலிருந்து வரும் நீதிபதியைவிட முன்னாள் ஆட்சியாளரின் தலைநகரில் அமர்ந்திருக்கும் நீதிபதியையே நம்பினார்கள் என்றால், அதை அடிமைப் புத்தி என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படி ஒதுக்கமாட்டேன். அந்த வாக்குக்குப் பின்னால் ஒரு நியாயமான அச்சம் இருந்தது. ஆனால் அந்த அச்சத்துக்கு அவர்கள் தேர்ந்த மருந்து சரியானதா என்பதில்தான் எனக்கு ஐயம்.

பிரிட்டிஷ் சட்ட மரபில் வந்த ஒரு சிறு தீவு நாட்டுக்கு இறுதி நீதிமன்றம் குறித்து நடைமுறையில் நான்கு வழிகள் இருந்துள்ளன. பிரிவி கவுன்சிலிலேயே தொடர்வது, பல நாடுகள் கூடி நடத்தும் வட்டார நீதிமன்றத்தில் சேர்வது, தனக்கெனச் சொந்தமாக ஓர் இறுதி நீதிமன்றத்தை வைத்துக்கொள்வது, பெரிய அண்டை நாடு ஒன்றின் உச்ச நீதிமன்றத்தைக் கடன் வாங்குவது. இவற்றை ஒப்பிடும்போது இறையாண்மை, செலவு, தீர்ப்பின் தரம் ஆகிய மூன்று அளவுகோல்களே வழக்கமாக எடுக்கப்படுகின்றன. அவை பொருட்டில்லாதவை அல்ல. ஆனால் ஒரு லட்சம் பேர் வாழும் தீவில் இவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்க வேண்டிய அளவுகோல் வேறொன்று உண்டு: அன்றைக்கு ஆட்சியில் இருக்கும் அரசு அந்த நீதிமன்றத்தின் மீது கை வைப்பது எவ்வளவு கடினம்? பெரிய நாட்டில் பிரதமருக்கும் நீதிபதிக்கும் இடையில் மக்கள்தொகையே ஒரு சுவராக நிற்கிறது. சிறு தீவிலோ பிரதமரும் தலைமை நீதிபதியும் எதிர்க்கட்சித் தலைவரும் ஒரே பள்ளியில் படித்தவர்களாகவும், ஒரே தேவாலயத்துக்குச் செல்பவர்களாகவும், சில வேளைகளில் ஒருவருக்கொருவர் சம்பந்திகளாகவும் இருப்பார்கள். அங்கே நீதிபதியின் நேர்மையைவிட அவர் அமர்ந்திருக்கும் நாற்காலியின் உறுதியே முதலில் சோதிக்கப்படுகிறது.

முதலில் லண்டன். 1833ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய வடிவம் பெற்ற பிரிவி கவுன்சிலின் நீதிக் குழு, ஒரு காலத்தில் உலகின் கால்பங்குக்கு இறுதி நீதிமன்றமாக இருந்தது. இன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே பெரும்பாலும் அதில் அமர்கிறார்கள். 2009 முதல் இரண்டும் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. ஜமைக்கா, பஹாமாஸ், டிரினிடாட்-டொபாகோ, அன்டிகுவா, கிரெனடா, செயின்ட் வின்சென்ட், செயின்ட் கிட்ஸ்-நெவிஸ், மொரிஷியஸ், துவாலு ஆகியவை இன்னும் அங்கே மேல்முறையீடு செய்யும் தனி நாடுகள். நீதிபதிகளின் சம்பளத்தை பிரிட்டன் கொடுக்கிறது. எந்தத் தீவின் பிரதமரும் அவர்களை நியமிக்கவோ நீக்கவோ இடமாற்றவோ முடியாது. என் அளவுகோலின்படி இது ஏறத்தாழ முழு மதிப்பெண் பெற வேண்டிய ஏற்பாடு.

அந்தத் தொலைவின் பயனை மொரிஷியஸில் தெளிவாகக் காணலாம். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தையும் அச்சிடும் அந்தத் தீவு 1992இல் குடியரசானபோது அரசியின் தலைமையைக் கைவிட்டதே தவிர, அரசியின் பெயரால் இயங்கிய நீதிக் குழுவைக் கைவிடவில்லை. பிரவிந்த் ஜக்நாத் மீதான நலமுரண் வழக்கில், அவர் விடுவிக்கப்பட்டதை எதிர்த்து அரசுத் தரப்பு வழக்கறிஞர் செய்த இறுதி மேல்முறையீட்டை 2019இல் பிரிவி கவுன்சில் தள்ளுபடி செய்தபோது அவர் பதவியில் இருந்த பிரதமர். ஏறத்தாழ 13 லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டில், பதவியில் இருக்கும் பிரதமர் குற்றமற்றவர் என்ற இறுதிச் சொல்லை உள்ளூர் நீதிபதிகள் சொல்லியிருந்தால், அது சட்டப்படி எவ்வளவு சரியாக இருந்தாலும் பாதி நாடு நம்பியிருக்காது. லண்டனிலிருந்து வந்ததால் விவாதம் தீர்ப்பின் காரணங்களைப் பற்றியதாக இருந்தது. நீதிபதியின் உறவினர்களைப் பற்றியதாக இல்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டின் குறைகளும் சிறியவை அல்ல. லண்டனுக்கு வழக்கைக் கொண்டுபோக ஏழைக்கு வசதி இல்லை. காணொலி வழியாக வாதாட இடம் தந்த பிறகும் இங்கிலாந்து வழக்கறிஞர்களின் கட்டணம் குறைந்துவிடவில்லை. இலவச உதவி கிடைக்கும் மரண தண்டனைக் கைதியும், செலவைப் பொருட்படுத்தாத நிதி நிறுவனமும் அங்கே போகிறார்கள். இடையில் இருக்கும் நிலத் தகராறுக்காரர் உள்ளூர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தோடு நின்றுவிடுகிறார். பிரிவி கவுன்சில் தீவுகளுக்கே வந்து அமர்ந்த நேரங்களும் உண்டு, 2006இல் பஹாமாஸிலும் 2008இல் மொரிஷியஸிலும் அமர்ந்தது. அவை வருகைகளே தவிர வாழ்க்கை அல்ல. மேலும், வீட்டுக்காரரே கிளம்பச் சொல்லத் தொடங்கிவிட்ட வாடகை வீடு இது. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைவராக இருந்த லார்ட் பிலிப்ஸ், 2009இல் தம் நீதிபதிகளின் நேரத்தில் அளவுக்கு மிஞ்சிய பங்கை இந்த வழக்குகள் எடுத்துக்கொள்கின்றன என்றும், இந்த நாடுகள் தமக்கென இறுதி நீதிமன்றங்களை அமைத்துக்கொள்வதே உகந்தது என்றும் வெளிப்படையாகச் சொன்னார். கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதன் சாவி தீவுகளிடம் இல்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே இலங்கையின் நினைவு வராமல் இருக்காது. அங்குள்ள பாடநூல்கள் கோமறைக் கழகம் என்று அழைக்கும் இதே பிரிவி கவுன்சில், மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த சட்டங்களை 1953இல் கோடாகன் பிள்ளை வழக்கில் செல்லும் என்றது. 1964இல் ரணசிங்க வழக்கிலோ, சிறுபான்மையினரைப் பாதுகாத்த 29(2)ஆம் பிரிவைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாத ஒன்றாகப் பேசியது. சிங்களத் தேர்ச்சித் தேர்வை எழுத மறுத்த தமிழ் அரசு ஊழியர் கோடீஸ்வரனின் வழக்கில், அரசு ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடர முடியும் என்று 1969இல் தீர்ப்பளித்து, தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற மையக் கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வருவதற்குள், 1971இல் இலங்கை நாடாளுமன்றம் லண்டன் மேல்முறையீட்டையே ஒழித்துவிட்டது. அடுத்த ஆண்டின் புதிய அரசியலமைப்பு 29(2)ஐயும் கொண்டுபோயிற்று. இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. தொலைவில் இருக்கும் நீதிமன்றம் தன்னளவில் துணிச்சலானது என்று எண்ணுவது தவறு. அதன் துணிவு வழக்குக்கு வழக்கு மாறும். அதேவேளை, அதை ஒரு சாதாரணச் சட்டத்தால் நீக்கிவிட முடிந்தால் அது அளிக்கும் பாதுகாப்பு நாடாளுமன்றத்தின் பொறுமை வரைதான்.

கரீபியாவில் பிரிவி கவுன்சில் மீதான கோபம் வேறொரு வழக்கில் பிறந்தது. 1993 நவம்பரில், ஜமைக்காவின் பிராட், மோர்கன் என்ற இரு கைதிகளின் வழக்கில், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வைத்துத் தூக்கிலிடுவது மனிதத்தன்மையற்ற தண்டனை என்று அது தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகள் முடியவே அவ்வளவு காலம் பிடிக்கும் நாடுகளில் இந்தத் தீர்ப்பு தூக்குமேடையை ஏறத்தாழ மூடிவிட்டது. கொலைக் குற்றங்கள் பெருகிய தீவுகளின் அரசியல்வாதிகள், லண்டனின் மென்மையான மனசாட்சி நம்மை ஆள்கிறது என்று பேசினார்கள். ஆகவே, பல பத்தாண்டுகளாகப் பேச்சளவில் இருந்த வட்டார நீதிமன்றத் திட்டம் வேகம் பெற்றபோது, மனித உரிமை வழக்கறிஞர்கள் அதற்குத் தூக்கு நீதிமன்றம் என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

அந்தப் பெயர் எவ்வளவு பொய்த்துப்போனது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் மிகச் சுவையான பகுதி. பார்படோஸில் கொலைக்கு மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. நீதிபதிக்கு வேறு தண்டனை தர வழியில்லை. 2004இல் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த பிரிவி கவுன்சில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், விடுதலைக்கு முன்பிருந்த சட்டங்களைக் காப்பாற்றும் பிரிவு அரசியலமைப்பில் இருப்பதால் அந்தக் கட்டாயத் தண்டனை செல்லும் என்றது. பார்படோஸ் அடுத்த ஆண்டே கரீபிய நீதிமன்றத்துக்கு மாறியது. 2018 ஜூனில் அந்த வட்டார நீதிமன்றம், கொடுங்கோலாட்சியிலிருந்து காக்க எழுதப்பட்ட உரிமைகளைக் காலனியச் சட்டத்துக்கு அடியில் புதைக்க முடியாது என்ற போக்கில் அதே பிரிவை வேறு விதமாகப் படித்து, கட்டாய மரண தண்டனை செல்லாது என்று அறிவித்தது. இதே கேள்வி டிரினிடாட்டிலிருந்து 2022இல் மீண்டும் லண்டனுக்குச் சென்றது. ஒன்பது நீதிபதிகள் மீண்டும் அமர்ந்து, கட்டாயத் தண்டனை செல்லும் என்று பழைய நிலையையே உறுதிப்படுத்தினார்கள். மென்மையானது என்று திட்டப்பட்ட நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துக்கொண்டது. தூக்கு நீதிமன்றம் என்று திட்டப்பட்டது கயிற்றைத் தளர்த்தியது. அயல்நாட்டு நீதிபதி ஒரு சிறு நாட்டின் அரசியலமைப்பைத் துணிந்து புதிதாகப் படிக்கக் கூச்சப்படுவார் என்பதும், அது தன்னுடையது என்று எண்ணும் நீதிபதிக்கு அந்தக் கூச்சம் இராது என்பதும் இதற்கு ஒரு காரணம் என்று நான் எண்ணுகிறேன்.

2001இல் கையெழுத்தான உடன்படிக்கையால் உருவாகி 2005 ஏப்ரலில் தொடங்கிவைக்கப்பட்ட கரீபிய நீதிமன்றம், இரண்டு வேலைகளைச் செய்கிறது. கரீபியச் சமூகம் என்ற வட்டார நாடுகளின் கூட்டமைப்பின் ஒப்பந்தத்தை விளக்குவது ஒன்று. 2011இல் பார்படோஸ் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்பட்ட ஜமைக்கப் பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், வட்டாரக் குடிமகனுக்கு உறுப்பு நாடுகளில் நுழையும் உரிமை உண்டு என்று 2013இல் அது இழப்பீட்டோடு தீர்ப்பளித்தது. இரண்டாவது, தாமாக ஏற்றுக்கொண்ட நாடுகளுக்கு இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருப்பது. பார்படோஸும் கயானாவும் 2005இலும், பெலீஸ் 2010இலும், டொமினிக்கா 2015இலும், செயின்ட் லூசியா 2023இலும் இதை ஏற்றன.

என் அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். நீதிபதிகளை வழக்கறிஞர் சங்கங்களும் சட்டக் கல்வித் துறையும் குடிமைச் சமூகமும் இடம்பெறும் ஒரு வட்டார ஆணையம் தேர்ந்தெடுக்கிறது. அரசுகளின் கை படுவது நீதிமன்றத் தலைவரின் நியமனத்தில் மட்டுமே, அதுவும் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், உறுப்பு நாடுகளில் நான்கில் மூன்று பங்கின் ஒப்புதலோடு. சம்பளத்துக்கு இன்னும் கெட்டியான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கரீபிய வளர்ச்சி வங்கி வழியாக உறுப்பு நாடுகள் 10 கோடி அமெரிக்க டாலர் திரட்டி ஓர் அறக்கட்டளையில் போட்டன. அதன் வருவாயில் நீதிமன்றம் நடக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டி நீதிமன்றத்தைப் பட்டினி போடும் பழைய உத்தி இங்கே பலிக்காது. எந்தத் தனிப் பிரதமரும் நியமிக்கவோ நீக்கவோ சம்பளத்தை நிறுத்தவோ முடியாத நீதிமன்றத்தை, லண்டனைக் கடன் வாங்காமலே கட்டமுடியும் என்று காட்டியிருக்கிறார்கள்.

இது காகிதத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்குத் தீவு அல்லாத, ஆனால் அதே அளவுக்குச் சிறிய அரசியலைக் கொண்ட கயானா சாட்சி. 2018 டிசம்பரில் 65 உறுப்பினர் கொண்ட அந்த நாட்டு அவையில் 33க்கு 32 என்ற கணக்கில் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றது. ஆட்சியாளர்கள் ஒரு புதுமையான கணக்கோடு வந்தார்கள்: 65இல் பாதி 32.5, மனிதரைப் பாதியாக வெட்ட முடியாதாகையால் அதை 33 என்று கொள்ள வேண்டும், பெரும்பான்மை என்பது அதற்கு ஒன்று கூட, ஆகவே 34 வேண்டும். கயானாவின் சொந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. 33தான் பெரும்பான்மை என்று 2019 ஜூனில் கரீபிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து 2020 மார்ச்சில் நடந்த தேர்தலின் முடிவு மாதக்கணக்கில் இழுபறியானபோதும், செல்லத்தக்க வாக்குகள் என்பதற்குப் புதுப் பொருள் கற்பித்த உள்நாட்டுத் தீர்ப்பை ஜூலையில் அதுவே தள்ளியது. ஆகஸ்டில் ஆட்சி மாறியது. பக்கத்து நாட்டு நீதிபதிகளால் பிரதமர்களுக்கு எதிராக நிற்க முடியாது என்ற அன்டிகுவா வாக்காளரின் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் ஏன் தோற்கிறது? ஒரு பகுதி விடை அரசியலமைப்பு நூல்களிலேயே இருக்கிறது. மேல்முறையீட்டை மாற்றும் வழியை ஒவ்வொரு தீவும் வெவ்வேறு பூட்டால் பூட்டியிருக்கிறது. பிரிட்டனின் ஒப்புதல் இருந்தால் பொதுவாக்கெடுப்பு இல்லாமலே மாறலாம் என்று டொமினிக்காவின் நூல் இடம் தந்தது. செயின்ட் லூசியாவின் நூலிலும் அதே எண்ணம் இருந்தது. ஆனால் அச்சான பிரிவு எண் தவறி, வேறொரு பிரிவைச் சுட்டியது. அது எழுத்துப் பிழையே, பொதுவாக்கெடுப்பு தேவையில்லை என்று கிழக்குக் கரீபிய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் பெரும்பான்மைக் கருத்துச் சொல்லியும், நாடு மாறுவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. ஒரு தவறான எண் ஒரு நாட்டின் நீதியமைப்பை எவ்வளவு காலம் கட்டிப்போட முடியும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு தேடவேண்டாம். ஜமைக்கா குறுக்கு வழியில் போனது; சாதாரணச் சட்டம் போட்டு மாற முயன்றபோது, புதிய நீதிமன்றத்துக்குப் பழையதைப் போன்ற அரசியலமைப்புப் பாதுகாப்பு இல்லை என்பதால் அந்தச் சட்டம் செல்லாது என்று 2005இல் பிரிவி கவுன்சிலே தீர்ப்பளித்தது. தன் பதவியைத் தானே காத்துக்கொண்டது என்று பலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியானதாகவே படுகிறது: ஒரு சாதாரணச் சட்டத்தால் கொண்டுவரப்படும் நீதிமன்றத்தை இன்னொரு சாதாரணச் சட்டத்தால் விரட்டவும் முடியும். இலங்கை அதைத்தான் கண்டது.

மற்றொரு பகுதி விடை வாக்குச்சீட்டைத் தயாரித்த விதத்தில் இருக்கிறது. செயின்ட் வின்சென்ட் 2009இல் அரசியை நீக்குவது உட்பட முழுப் புதிய அரசியலமைப்பையே ஒரு கேள்வியாக மக்கள் முன் வைத்தது. ஏறத்தாழ 43 சதவீத ஆதரவோடு அது வீழ்ந்தது. கிரெனடா 2016இல் ஏழு திருத்தங்களை ஒரே நாளில் வைத்து ஏழையும் இழந்தது. இத்தகைய வாக்கெடுப்புகளில் மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி வாக்களிப்பதில்லை. கேள்வியைக் கேட்கும் பிரதமரைப் பற்றி வாக்களிக்கிறார்கள். எதிர்க்கட்சி மறுநாளே எதிர்ப்புப் பிரசாரத்துக்கு மாறிவிடக்கூடிய நிலையில் மூன்றில் இரண்டு பங்கு என்பது எட்டாக் கனியே.

சொந்த இறுதி நீதிமன்றம் என்ற மூன்றாவது வழி இறையாண்மை உணர்வுக்கு மிக நெருக்கமானது. ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் வாழும் செஷல்ஸ் இதைத் தேர்ந்திருக்கிறது. அதன் மேல்முறையீட்டு நீதிமன்றமே கடைசி. உள்ளூரில் போதிய நீதிபதிகள் கிடைக்காததால் வெளிநாட்டினரையும் வரையறுத்த காலத்துக்கு நியமிக்க அரசியலமைப்பு இடம் தருகிறது. இந்த வழியின் நல்ல முகத்தையும் கெட்ட முகத்தையும் பசிபிக்கில் அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்க்க முடிந்தது.

நல்ல முகம் சமோவா. 2021 ஏப்ரல் தேர்தலில், 20 ஆண்டுகளுக்கு மேல் பிரதமராக இருந்த துய்லேபாவின் கட்சி பெரும்பான்மையை இழந்தது. அவையில் பத்து சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதியைக் காட்டித் தேர்தல் ஆணையர் ஓர் உறுப்பினரைக் கூடுதலாக நியமித்தார். 51இல் பத்து சதவீதம் 5.1, அது ஐந்தா ஆறா என்ற வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. கயானாவில் அரை மனிதர் ஆட்சியைத் தீர்மானிக்கப் பார்த்தது போல், இங்கே பத்தில் ஒரு பங்கு பெண் தீர்மானிக்கப் பார்த்தார். மே மாதம் நாடாளுமன்றக் கதவுகள் பூட்டப்பட்டிருக்க, எதிரணித் தலைவர் ஃபியாமே நவோமி மதாஃபா வெளியே ஒரு கூடாரத்தில் பிரதமராகப் பதவியேற்றார். அந்தப் பதவியேற்பு செல்லும் என்று ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கமாக நியூசிலாந்திலிருந்து வந்து அமரும் ஓய்வுபெற்ற நீதிபதிகள் அல்லர், சமோவா நீதிபதிகளே அதை எழுதினார்கள். சிறு நாட்டு நீதிபதிக்கு முதுகெலும்பு இராது என்ற பேச்சுக்கு இது போதுமான மறுப்பு.

கெட்ட முகம் அடுத்த ஆண்டே கிரிபாட்டியில் தெரிந்தது. அப்போது அங்கே உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த டேவிட் லாம்போர்ன் ஓர் ஆஸ்திரேலியர். அவருடைய மனைவி அன்றைய எதிர்க்கட்சித் தலைவர். அரசு அவரைப் பணியிலிருந்து தள்ளிவைக்க முயன்றது. அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த தலைமை நீதிபதியைப் பணியிடைநீக்கம் செய்தது. 2022 ஆகஸ்டில் லாம்போர்னை நாடு கடத்த விமானத்தில் ஏற்றப் பார்த்தது. விரும்பாத பயணியை ஏற்ற முடியாது என்று விமானி மறுத்துவிட்டார். நியூசிலாந்தின் ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவர் அமர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசுக்கு எதிராக முடிவெடுத்தது. செப்டம்பரில் அந்த மூவருமே பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இரு உயர்மட்ட நீதிமன்றங்களும் வெறுமையாயின. அயல்நாட்டு நீதிபதிகளை அழைத்து வருவதால் நடுநிலை வந்துவிடும் என்று நம்புவோர் கவனிக்க வேண்டியது இதுதான்: அவர்களுடைய விசாவும் நியமனமும் அரசின் கையில் இருக்கும்வரை, அவர்கள் உள்ளூர் நீதிபதியைவிடவும் எளிதில் அகற்றப்படக்கூடியவர்கள். சமோவாவுக்கும் கிரிபாட்டிக்கும் சட்டத்தில் இருந்த வேறுபாடு பெரிதல்ல; ஓர் அரசு பின்வாங்கியது, மற்றது பின்வாங்கவில்லை. அரசின் நல்லெண்ணத்தைச் சார்ந்திருக்கும் பாதுகாப்பை நான் பாதுகாப்பு என்று கணக்கிடமாட்டேன்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அது இப்போது நடைமுறையில் இல்லை. ஏறத்தாழ 12,000 பேர் வாழும் நவ்ரு, 1976இல் ஆஸ்திரேலியாவோடு செய்த உடன்பாட்டின்படி, அந்நாட்டில் உச்ச இடத்தில் உள்ள உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்து வந்தது. 2015இல் நாடாளுமன்றத்துக்கு வெளியே போராடியவர்களின் தண்டனை கூட்டப்பட்டதை ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2017 அக்டோபரில் ரத்து செய்தது. டிசம்பரில் நவ்ரு அரசு உடன்பாட்டை முறிக்கும் 90 நாள் அறிவிப்பை அனுப்பியது. 2018 மார்ச்சில் அது முடிவுக்கு வந்த பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. மாற்றாக ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்போது அமைக்கப்பட்டிருக்கவில்லை. அரசியலமைப்பில் பதியாமல் இரண்டு அரசுகளின் கடிதப் போக்குவரத்தில் நிற்கும் நீதிமன்றம், ஒரு கடிதத்தில் போய்விடும்.

இனி முடிவெடுக்க வேண்டியவர்களின் இடத்திலிருந்து பார்ப்போம். கிழக்குக் கரீபியத் தீவுகளுக்கு என் பரிந்துரை ஐயமின்றி வட்டார நீதிமன்றமே. அவற்றுக்கு இது புதிய பழக்கமும் அல்ல. காஸ்ட்ரீஸ் நகரில் தலைமையகம் கொண்ட கிழக்குக் கரீபிய உச்ச நீதிமன்றத்தை ஆறு தனி நாடுகளும் மூன்று பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளும் 1967 முதல் பகிர்ந்துகொண்டிருக்கின்றன. அதன் மேல்முறையீட்டு நீதிபதிகள் தீவுக்குத் தீவு பயணித்து வழக்குக் கேட்கிறார்கள். இரண்டாம் படியைப் பகிர்ந்துகொண்டவர்கள் மூன்றாம் படிக்கு மட்டும் கடல் கடக்க வேண்டிய காரணம் இல்லை. ஆனால் அன்டிகுவாவும் கிரெனடாவும் மீண்டும் வாக்கெடுப்பு நடத்துவதாக இருந்தால், கேள்வி ஒன்றாகவும் தனியாகவும் இருக்க வேண்டும். எதிர்க்கட்சியின் எழுத்துமூலமான ஒப்புதல் முன்கூட்டியே இருக்க வேண்டும். நீதிபதிகளை யார் நியமிக்கிறார்கள், சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதை வீடு வீடாக விளக்கியிருக்க வேண்டும். லண்டன்மீது உள்ள கோபத்தைத் தூண்டி வாக்குக் கேட்டால், உள்ளூர் அரசியல்வாதிமீது உள்ள கோபம் அதை வென்றுவிடும்.

ஜமைக்காவின் நிலை சற்றுச் சிக்கலானது. குடியரசாவதற்கான மசோதா 2024 டிசம்பரில் அவையில் வைக்கப்பட்டபோது, மன்னரை நீக்கிவிட்டு மன்னரின் நீதிக் குழுவை அப்படியே வைத்துக்கொள்வது அரைகுறை வேலை என்று எதிர்க்கட்சி ஆட்சேபித்தது. உணர்ச்சியின் பக்கம் எதிர்க்கட்சி சொல்வது நியாயம். ஆயினும் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் செயின்ட் வின்சென்ட்டின் முடிவே கிட்டும். மொரிஷியஸ் குடியரசாகியும் லண்டனுக்குப் போவதில் வானம் இடிந்துவிடவில்லை.

அதே மொரிஷியஸுக்கு நான் மாற்றத்தைப் பரிந்துரைக்கமாட்டேன். சுற்றிலும் அதே சட்ட மரபில் சேர்ந்து நடக்கத் தயாரான தோழர்கள் இல்லை. ஆங்கிலச் சட்டமும் பிரெஞ்சுச் சட்டமும் கலந்த அதன் முறைக்குப் பொருந்தும் வட்டார நீதிமன்றம் இல்லை. தோழர்கள் இல்லாத இடத்தில் லண்டனை விடுவது என்பது நேராக மூன்றாவது வழிக்குப் போவது. பசிபிக்கின் தனித்தனித் தீவு நாடுகளில் பல ஏற்கனவே அந்த வழியில்தான் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது நீதிபதிகளின் நியமனத்தையும் நீக்கத்தையும் சம்பளத்தையும் ஒரே நாட்டின் அமைச்சரவையிடமிருந்து எடுத்து, பல நாடுகளின் கூட்டு ஆணையத்திடமும் ஒரு பொது நிதியிடமும் ஒப்படைப்பது. கரீபியா அதற்கான வரைபடத்தைப் போட்டு வைத்திருக்கிறது. பசிபிக்கின் தூரங்கள் பெரியவை, ஆனால் காணொலி வந்த பிறகு தூரம் முன்பு போன்ற சாக்கு அல்ல.

எஞ்சி நிற்பது டிரினிடாட்-டொபாகோ. கரீபிய நீதிமன்றத்தின் கட்டடம் அதன் தலைநகரின் ஹென்றி வீதியில் இருக்கிறது. பார்படோஸின் வழக்கும் பெலீஸின் வழக்கும் அங்கே கேட்கப்படுகின்றன. 2022இல் கட்டாய மரண தண்டனையை எதிர்த்துத் தோற்ற டிரினிடாட் கைதியின் கோப்பு, அந்த வீதியைத் தாண்டித்தான் லண்டனுக்குப் போனது. அந்தக் கேள்விக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பார்படோஸ் கைதிகளுக்குச் சாதகமாக விடை எழுதியிருந்த நீதிபதிகளில் சிலர் அப்போதும் அந்தக் கட்டடத்தில்தான் இருந்தார்கள்.